கார்னர் கொடிக்கு யார் காசு?

எங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் ஒவ்வொரு மே மாதமும் பத்து நாள் ஃபுட்பால் டோர்னமென்ட் நடக்கும். அதற்கு முந்தின வாரம் சவுக்குக் கம்பு லாரியில் வந்து இறங்கும். பந்தல்காரரின் ஆட்கள் குழி தோண்டிக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே பலகை அடுக்கி ஐந்து படி கேலரியை எழுப்பிவிடுவார்கள். கம்பில் ஆணி அடிக்க மாட்டார்கள். அடித்தால் பிளந்துவிடும், அடுத்த ஊர்க் கல்யாணப் பந்தலுக்கு உதவாது. செமி ஃபைனல் அன்று கோல் விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். அப்போது அந்தக் கேலரி ஒரு சாண் முன்னே சாய்ந்துவிட்டுத் திரும்பி வரும். மேலே இருப்பவர்களுக்கு அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான். கீழே நின்று பார்க்கிற எனக்கு வயிற்றைப் பிசையும்.

பயம் வீண் அல்ல. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டிக்காகப் போட்ட தற்காலிக கேலரி சரிந்து நூறு பேருக்கு மேல் காயம். அடுத்த ஆண்டு அதே மார்ச் மாதம், மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் ஃபுட்பால் பார்க்க வந்த கூட்டத்தோடு ஒரு கேலரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த வீடியோவை எங்கள் ஊரில் பார்க்காத ஆள் இல்லை.

அதனால் டோர்னமென்டை நடத்தும் எங்கள் ஊர் ஃபுட்பால் கிளப் நகராட்சியிடம் ஒரு மனு கொடுக்கப் போகிறது. திடலைச் சுற்றி மதில், நிரந்தர கேலரி, ஃப்ளட் லைட் மூன்றும் வேண்டும். கிளப் செயலாளர் எனக்கு மாமா முறை. “மாப்ள, கேட்கிறதை எந்த வழியில கேட்டா நல்லதுன்னு நீ ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு. கமிட்டியில வாசிச்சிருவோம்” என்றார். அந்தப் பேப்பர் கொஞ்சம் நீண்டுவிட்டது.

வழிகளைப் பார்க்கும் முன் திடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டோர்னமென்டின் பத்து நாள் போக மீதி 355 நாளும் அது சும்மா கிடப்பதில்லை. விடியற்காலை நாலரைக்குப் போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் பையன்களும் பெண்களும் ஓட வந்துவிடுவார்கள். தெற்கு மூலையில் அவர்களே மணல் கொட்டி வைத்த ஒரு லாங் ஜம்ப் குழி இருக்கிறது. ஆறு மணிக்குச் சர்க்கரை அளவு கூடிப்போனவர்கள் நடக்க வருவார்கள். சனிக்கிழமை வடக்கு ஓரத்தில் சந்தை. பொங்கலுக்கு ராட்டினம், தேர்தலுக்குப் பொதுக்கூட்டம், மற்ற நாட்களில் ஒரே நேரத்தில் ஏழு கிரிக்கெட் ஆட்டம். மதில் எழுப்பி கேட் போட்டால் சாவி யார் கையில் இருக்கும்? மாமாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் பதில் சொல்லாமல் டீ சொன்னார்.

பொதுப் பணத்தில் கிளப்புக்கு மைதானம் என்பது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. உலகத்தில் நிறைய ஊர்கள் இதே மனுவைக் கையில் வாங்கி, ஆளுக்கொரு விதமாக முடிவெடுத்திருக்கின்றன. தொகை வேறுதான். அவர்கள் கோடிப் பவுண்டில் பேசுகிறார்கள், நாம் லட்சத்தில். ஆனால் ஒப்பந்தத்தில் எந்த வரி காலை வாரிவிட்டது என்று பார்த்தால், அந்த வரி நம் நகராட்சித் தீர்மானத்திலும் எழுதாமல் விட்டுப்போகிற வரியாகவே இருக்கிறது.

முதல் வழி எல்லாருக்கும் பிடித்தது. அரசே முழுக்கக் கட்டிக் கொடுத்துவிடும், கிளப் வாடகை கொடுக்கும். இதற்கு லண்டனை விடப் பெரிய பாடம் கிடையாது. 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்டேடியத்துக்கு 48.6 கோடி பவுண்டு ஆனது. ஒலிம்பிக் முடிந்ததும் அதைச் சிறிதாக்கித் தடகளத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் எண்ணம். அப்புறம் மனம் மாறி, ஃபுட்பால் கிளப் ஒன்றைக் குடிவைக்கலாம் என்றார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு அளந்து தைத்த சட்டையை ஃபுட்பாலுக்கு மாற்றித் தைக்க இன்னும் 32.3 கோடி பவுண்டு. அதில் குடிவந்த வெஸ்ட் ஹாம் கிளப் கொடுத்தது 1.5 கோடி. ஆண்டு வாடகை தொடக்கத்தில் சுமார் 25 லட்சம் பவுண்டு, 99 ஆண்டு ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தின் முழு விவரம் ரொம்ப நாள் வெளியே வரவில்லை. ரசிகர் சங்கங்கள் தகவல் உரிமை கேட்டுப் போராடி, 2016இல்தான் அது வெளியானது. மேட்ச் நாளன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆட்களின் சம்பளம் பொதுப் பணம். பாதுகாப்புச் செலவு பொதுப் பணம். கோல் போஸ்ட்டும் நான்கு மூலையில் நடும் கார்னர் கொடியும்கூடப் பொதுப் பணம் என்று தெரிந்தபோது ஊரே சிரித்தது. பிரீமியர் லீக்கில் ஆடும் கிளப்புக்கு வரி கட்டுகிறவன் கொடி வாங்கிக் கொடுக்கிறான்.

அதை விட எனக்குப் பட்டது இருக்கை விஷயம். கீழ்த்தள இருக்கைகளை ஃபுட்பால் சீசனுக்கு முன்னே நகர்த்தி, கோடையில் தடகளத்துக்காகப் பின்னே தள்ள வேண்டும். இதற்கு ஆண்டுக்கு 3 லட்சம் பவுண்டு போதும் என்று கணக்குப் போட்டார்கள். நிஜத்தில் அது 80 லட்சத்தைத் தொட்டது. ஒரு முறை நகர்த்தும் செலவே கிளப் கொடுத்த வருஷ வாடகையை விழுங்கிவிட்டது. 2017இல் மேயர் கேட்டு நடந்த தணிக்கையில் ஸ்டேடியம் ஆண்டுக்கு சுமார் 2 கோடி பவுண்டு நஷ்டத்தில் ஓடும் என்று வந்தது. 99 ஆண்டு கையெழுத்து போட்டாகிவிட்டது.

வெஸ்ட் ஹாமைத் திட்டிப் பயனில்லை. காலி வீட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடித்தனக்காரரைத் தேடியவர்கள் மறுபக்கம் இருந்தார்கள். பேரத்தில் யாருக்கு அவசரமோ அவர்தான் இறங்குவார்.

நம் ஊர் அளவில் இதே வழிக்குப் பெயர் தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. இது போகத் தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கத் திட்டத்தில் தொகுதிக்கு ஒன்று என்று 3 கோடி செலவில் அரங்கம் கட்டுகிறார்கள். நல்ல திட்டங்கள்தான், நான் மறுக்கவில்லை. கட்டுவது பொதுச் சொத்தாகவே இருக்கும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் தொகுதி நிதி என்பது கட்டுவதற்குத்தான். காவல்காரர் சம்பளம், கரண்ட் பில், புல் வெட்டுவது போன்ற தொடர்செலவுக்குப் பணம் அதிலிருந்து வராது. திறப்பு விழா முடிந்த மறுநாளே பராமரிப்பு நகராட்சியின் தலையில் விழும். நகராட்சியோ தெருவிளக்குக்கே பல்பு இல்லை என்று சொல்லும். கல்வெட்டு மட்டும் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் நன்றாக இருக்கும், கிரானைட் அல்லவா.

பக்கத்து ஊர் ஒன்றில் இப்படிக் கட்டிய ஒரு சின்ன அரங்கத்துக்குப் போன வருஷம் போயிருந்தேன். கேலரி நன்றாகவே இருந்தது. கேலரிக்கு அடியில் இருந்த கழிவறைக்குப் பூட்டு போட்டிருந்தார்கள். பூட்டுக்கு மேல் துரு, துருவுக்கு மேல் குளவிக்கூடு. ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டால், மோட்டார் ரிப்பேர் என்றார்கள். பெண்கள் வாலிபால் டீம் ஒன்று அங்கே பயிற்சிக்கு வருகிறது. அவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். எதிர்வீட்டு அக்கா ஒருவர் தன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிறாராம்.

இரண்டாவது வழி கடன். கிளப் தன் பொறுப்பில் கட்டட்டும், ஊர் கடன் கொடுக்கட்டும், திருப்பிக் கட்டிவிடுவார்கள். கேட்க நியாயமாக இருக்கும். இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகர மன்றம் 2013இல் இப்படித்தான் யோசித்தது. உள்ளூர் கிளப்பான நார்தாம்ப்டன் டவுனுக்குப் புது ஸ்டாண்ட் கட்ட 1 கோடியே 2.5 லட்சம் பவுண்டு கடனாகப் போனது. ஸ்டாண்ட் அரைகுறையாக நின்றது. வேலையை எடுத்த நிறுவனம் மூழ்கியது, பணம் போன இடம் போலீஸ் விசாரணைக்குப் போனது. வரிபாக்கி கேஸில் கிளப்பையே இழுத்து மூடும் நிலை வந்து, 2015 கடைசியில் புது உரிமையாளர் ஒருவர் வந்த பிறகுதான் மூச்சு திரும்பியது. அந்த சீசனில் அந்த டீம் தன் டிவிஷனில் முதலிடம் பிடித்தது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆட்டக்காரர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் தெரியாது, அவர்கள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். முடிக்காத ஸ்டாண்ட் பல ஆண்டு அப்படியே அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கிளப்புக்குக் கடன் கொடுத்தால் அடமானம் என்ன என்று கேட்க வேண்டும். ஊர்க் கிளப்பிடம் அடமானம் வைக்க என்ன இருக்கும்? பழைய கோப்பைகளும் ஒரு பீரோவும்தான். கடன் வராவிட்டால் ஊர் என்ன செய்யும், சொந்த டீமை ஜப்தி செய்யுமா? செய்யாது என்று இரு தரப்புக்கும் தெரிந்த பிறகு அது கடன் இல்லை. மாமாவின் கமிட்டியில் இந்த வழியைச் சொன்னவர்கள் இரண்டு பேர். அந்த இருவரும் சொந்தமாகச் சீட்டு நடத்தி நஷ்டப்பட்டவர்கள் என்பது ஆச்சரியம்தான்.

மூன்றாவது வழிக்கு ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தைச் சொல்வேன். எனக்கு ரொம்பப் பிடித்த ஊர்க்கதை. எஸ்.சி. ஃப்ரைபுர்க் சின்ன கிளப். பல வருஷமாக டிரைசாம் என்கிற ஆற்றங்கரையில் ஒரு பழைய ஸ்டேடியத்தில் ஆடியது, 24,000 பேர் கொள்ளும். அந்த மைதானம் முறைப்படி இருக்க வேண்டிய 105 மீட்டர் நீளம் இல்லை, நாலரை மீட்டர் குறைவு. போதாக்குறைக்கு ஒரு கோலிலிருந்து மற்ற கோலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் சரிவு. டாஸ் ஜெயித்தவன் எந்தப் பக்கம் கேட்பான் என்று யோசித்துப் பாருங்கள். மேல்மட்ட லீக்கில் சிறப்பு அனுமதி வாங்கித்தான் அங்கே ஆடினார்கள். நீளத்தைக் கூட்டவோ இருக்கையை அதிகப்படுத்தவோ இடமில்லை, சுற்றிலும் வீடுகள்.

புதிய இடத்தில் கட்ட வேண்டும் என்று வந்தபோது நகரம் என்ன செய்தது? முதலில் ஊரைக் கேட்டது. 2015 பிப்ரவரி 1ஆம் தேதி வாக்கெடுப்பு. 58 சதவீதம் பேர் சரி என்றார்கள். அப்படியென்றால் பத்தில் நாலு பேருக்கு மேல் வேண்டாம் என்றவர்கள், அதையும் மறக்கக் கூடாது. இடம் விமானத் திடலுக்குப் பக்கத்தில். நிலத்தை நகரம் விற்கவில்லை, நீண்ட காலக் குத்தகைதான். சாலை, போக்குவரத்து, நிலத்தைத் தயார் செய்வது நகரத்தின் வேலை. ஸ்டேடியத்தின் கட்டடச் செலவு கிளப்பின் பொறுப்பு. கிளப் கையில் சேர்த்து வைத்திருந்த பணம் போக, மீதிக் கடன் கிளப் கட்டும் வாடகையிலிருந்து அடைகிறது. 2018இல் வேலை தொடங்கி, 2021 அக்டோபரில் 34,700 பேர் கொள்ளும் ஸ்டேடியம் திறந்தது. பழைய சரிவு மைதானத்தை இடிக்கவில்லை. கிளப்பின் பெண்கள் அணியும் இரண்டாம் அணியும் அங்கே ஆடுகின்றன.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் குடியிருப்பில் சிலர் சத்தத்தைக் காரணம் காட்டிக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 அக்டோபரில் இரவு எட்டு மணிக்கு மேல் ஆட்டம் கூடாது, ஞாயிறு மதியம் ஒன்று முதல் மூன்று வரை கூடாது என்று தடை வந்தது. பாதி கட்டிய ஸ்டேடியத்தை வைத்துக்கொண்டு கிளப் திகைத்தது. அடுத்த ஆண்டு தடை விலகியது. ஆனாலும் அந்த மாதங்களில் எத்தனை பேருக்குத் தூக்கம் போயிருக்கும்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். செலவு கூடினால் யார் கொடுப்பது என்பதில் குழப்பமில்லை. கட்டடம் யாருடைய ஆசையோ அவர்கள் பையிலிருந்து போகும். அமெரிக்காவின் பஃபலோவில் 2022இல் உள்ளூர் டீமின் புது ஸ்டேடியத்துக்கு மாநிலமும் மாவட்டமும் சேர்ந்து 85 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. என் கணக்கில் அது அநியாயத் தொகை. ஆனால் அங்கேயும் ஒரு புத்திசாலித்தனம்: எஸ்டிமேட்டைத் தாண்டினால் கூடுதல் முழுக்க டீமின் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் எஸ்டிமேட் தாண்டத்தான் செய்தது. அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் அதுவும் பொதுப் பணமாகவே போயிருக்கும்.

நிலம் மட்டும் கொடுக்கும் வழியில் நமக்குத் தெரிந்த கதை சேப்பாக்கம். நிலம் அரசுடையது, ஸ்டேடியம் கிரிக்கெட் சங்கத்துடையது. 2011 உலகக் கோப்பைக்காகப் புதிதாக எழுப்பிய ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் நினைவிருக்கும். அனுமதிச் சிக்கலில் மாட்டி, 12,000 இருக்கை வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்தது. சி.எஸ்.கே. மேட்ச் நடக்கும், வெளியே டிக்கெட்டுக்கு அடிதடி நடக்கும், டி.வி.யில் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். நிலக் குத்தகையும் 2015இல் முடிந்து புதுப்பிக்க இழுத்தது. நிலம் ஒருவர், கட்டடம் ஒருவர் என்று இருந்தால் குத்தகைக் காலம், வாடகை, வரைபட அனுமதி மூன்றையும் முதல் செங்கல் வைக்கும் முன் முடிக்க வேண்டும். கட்டிவிட்டால் யார் இடிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் நம் பக்கம் நிறையக் கட்டுகிறோம்.

நான்காவது, ஊரே கைப்பணம் போடுவது. அமெரிக்காவின் கிரீன் பே நகரத்தில் ஒரு லட்சம் பேர்தான், ஏறக்குறைய ஒரு நடுத்தர நகராட்சி. அங்கேயுள்ள பேக்கர்ஸ் என்ற டீம் 1919இல் தொடங்கியது. 1923இலிருந்து ஊர்மக்கள் பங்கு வாங்கி நடத்துகிறார்கள். அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் இப்படி இருக்கும் ஒரே டீம் இதுதான். பங்குக்கு லாபம் கிடையாது, சந்தையில் விற்கவும் முடியாது. பங்குப் பத்திரத்தை ஃப்ரேம் போட்டு மாட்டி வைக்கலாம், பொதுக்குழுவில் கை தூக்கலாம், அவ்வளவே. அதற்கும் கூட்டம் அலைமோதும். 2011இல் ஒரு பங்கு 250 டாலர் என்று விற்று 6 கோடி டாலருக்கு மேல் திரட்டி ஸ்டேடியத்தைப் பெரிதாக்கினார்கள்.

அந்த ஸ்டேடியத்தை 1957இல் கட்டியபோது சுமார் 9.6 லட்சம் டாலர் செலவு, நகரமும் டீமும் பாதிப் பாதி. 2000இல் 29.5 கோடி டாலருக்குப் புதுப்பிக்க வேண்டியபோது மாவட்ட மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டலாமா? 53க்கு 47 என்று தப்பித்துப் பிழைத்தது. கடன் அடைந்ததும் 2015 செப்டம்பரோடு அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஸ்டேடியத்தை விட இதுதான் பெரிய அதிசயம். போட்ட வரியை எடுத்த ஊரை நான் வேறு எங்கே பார்ப்பேன்? கிரீன் பே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் டீமை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பது. மற்ற ஊர்களில் உரிமையாளர் “காசு கொடுக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன்” என்று மிரட்டுவார். இங்கே உரிமையாளர்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே.

நமக்கு இதன் தம்பி நமக்கு நாமே திட்டம். மக்கள் பங்காக மூன்றில் ஒரு பங்கைக் கட்டினால் மீதியை அரசு தரும், வேலையை உள்ளாட்சி பார்க்கும். கேட்கச் சுலபம். வசூல் பண்ணுவது யார் என்று கேட்டால் கமிட்டியில் எல்லாரும் செருப்பைத் தேடுகிறார்கள். ஆனால் எங்கள் டோர்னமென்டுக்கு வருஷா வருஷம் நன்கொடை தரும் கடைகளும் வெளியூரில் வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் பரிசுத் தொகையைக் கொஞ்சம் குறைத்து அந்தப் பணத்தைச் சேர்த்தால், ஒரு பக்க கேலரிக்கான பங்கு வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. தன் காசு கொஞ்சம் போனவன்தான் சிமென்ட் கலவையைக் கவனித்துப் பார்ப்பான்.

மனுவில் ஒரு வரியைக் கட்டாயம் எடுத்துவிடச் சொன்னேன். “ஸ்டேடியம் வந்தால் ஊரின் வியாபாரம் பெருகும், பொருளாதாரம் வளரும்” என்று எழுதியிருந்தார்கள். எல்லா ஊரிலும் எல்லா கிளப்பும் இதைத்தான் எழுதுகிறார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1997இல் அமெரிக்க ஸ்டேடியங்களை ஆராய்ந்து தொகுத்ததில், போட்ட பொதுப் பணத்துக்கு ஈடாக ஊர் வளர்ந்த கதை ஒன்றும் தேறவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்கின்றன. காரணம் புரியாத விஷயமில்லை. டோர்னமென்ட் பத்து நாளும் திடலோரம் போண்டாக் கடையில் கூட்டம் நெரியும். அதே பத்து நாளும் பஸ் ஸ்டாண்ட் பரோட்டாக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார். அதே பை, அதே ஐம்பது ரூபாய், கடைதான் வேறு. வெளியூர்க்காரன் வந்து செலவழித்தால் கணக்கு வேறு. எங்கள் மேட்சுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் எதிர் டீம் வேனில் வரும் பதினைந்து பேர்தான்.

பொருளாதாரம் பற்றிய பேச்சை எடுத்துவிட்டால் மனு பலவீனமாகிவிடும் என்று கமிட்டி பயந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் ஓட ஒரு இடமும் பெரியவர்கள் உட்கார்ந்து பார்க்க ஒரு படியும் ஊருக்கு வேண்டும். பூங்கா லாபம் தருமா என்று யாராவது கேட்கிறார்களா?

சரி, நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? ஃப்ரைபுர்க்கின் நிலக் கணக்கும் கிரீன் பேயின் கைப்பணமும். திடல் நகராட்சியுடையதாகவே இருக்கட்டும், ஒரு சென்ட்கூடக் கிளப் பெயருக்கு வேண்டாம். நமக்கு நாமே திட்டத்தில் மேற்குப் பக்கம் மட்டும் ஐந்து படி கான்கிரீட் கேலரி. சாயங்கால ஆட்டத்தில் வெயில் முதுகில் இருக்கும் பக்கம் அதுதான். கேலரிக்கு அடியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிவறை, பந்து வைக்க ஒரு அறை. கழிவறைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், மோட்டார் கெட்டால் எத்தனை நாளில் யார் சரி செய்வார் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். பத்து நாள் டோர்னமென்டுக்கும் வாரம் மூன்று சாயங்காலப் பயிற்சிக்கும் கிளப்புக்கு முன்னுரிமை. மீதி நேரமெல்லாம் ஊருக்கு. லாங் ஜம்ப் குழியைத் தொடக் கூடாது. எஸ்டிமேட் தாண்டினால் கூடுதல் கிளப்பின் பொறுப்பு. தொகுதி நிதியை வேண்டாம் என்று சொல்லவில்லை, திடலுக்கு வடிகால் போட அதைக் கேட்கலாம். அக்டோபர் வந்தால் வடக்கு கோல் முன்னால் குளம்.

மதில் வேண்டாம் என்று எழுதியதில்தான் மாமாவுக்கு வருத்தம். “மதில் இல்லாட்டி டிக்கெட் எப்படிப்பா போடுறது?” இப்போது எப்படிப் போடுகிறோமோ அப்படி. பத்து நாளைக்குத் தட்டி கட்டிக்கொள்ளலாம். சவுக்குக் கேலரிக்குக் கொடுக்கும் வாடகை மிச்சமாகிறது இல்லையா, அதில் பாதி போதும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருபது வருஷம் தட்டியைப் பிரித்துக்கொண்டு உள்ளே வரும் பையன்களை விரட்டியவர் அவர். அவர் விரட்டியவர்களில் நானும் ஒருவன். அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது: வேலி இல்லாத இடத்தை ஒரு பக்கம் கார் நிறுத்தமும் மறு பக்கம் கோயில் விஸ்தரிப்பும் மெல்லத் தின்றுவிடும். அதனால் இடுப்பு உயரக் கம்பிவேலி, நான்கு பக்கமும் பூட்டில்லாத வழி என்று ஒரு இடத்துக்கு வந்திருக்கிறோம். கமிட்டி என்ன சொல்லும் என்று தெரியவில்லை.

ஃப்ளட் லைட்டுக்கு வந்தபோதுதான் பெரிய சண்டை. லைட் கம்பத்தை யாராவது ஒரு புரவலர் கொடுத்துவிடுவார். மாதாமாதம் வரும் ஈ.பி. பில்லை எந்தப் புரவலரும் கொடுக்க மாட்டார், பில்லில் பெயர் பொறிக்க முடியாதே. கிளப்தான் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் லைட் வேண்டாம், பகலில் ஆடுங்கள் என்று எழுதியிருந்தேன். மாமா அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு லண்டன் பக்கத்தைத் திருப்பி எடுத்து, விரலை வைத்துக் காட்டி, “இந்தக் கார்னர் கொடியை மட்டுமாவது நகராட்சியில கேட்டுப் பார்ப்பமா மாப்ள?” என்றார்.

எங்களிடம் இருக்கும் நான்கில் ஒன்றை ஆடு தின்றுவிட்டதாம்.